கற்று முடித்த இயந்திரமும் கற்றுக்கொண்டே இருக்கும் பிள்ளையும்

ஹென்றி மொலைசனுக்கு 27 வயது. சிறு வயதிலேயே தொடங்கிய வலிப்பு நோய், வேலைக்குப் போக முடியாத அளவுக்கு முற்றியிருந்தது. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், அவருடைய மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை அகற்றினார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால், அன்று தொடங்கி 2008இல் இறக்கும்வரை, நடந்த ஏறக்குறைய எதையும் அந்த மனிதரால் நினைவில் இருத்திக்கொள்ள முடியவில்லை. பெற்றோரைத் தெரிந்தது. பள்ளிக்கூட நாள்கள் நினைவிருந்தன. பேச்சும் அறிவுக்கூர்மையும் குறையவில்லை. காலையில் பேசிவிட்டுப் போன மருத்துவர் மதியம் திரும்பி வந்தால், முதன்முறை பார்ப்பவரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

மான்ட்ரியாலிலிருந்து வந்து அவரை ஆராய்ந்தவர் உளவியலாளர் பிரெண்டா மில்னர். ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைத்திருக்கச் சொன்னார். கால் மணி நேரம் கழித்துக் கேட்டபோதும் மொலைசன் சரியாகச் சொன்னார். எப்படி முடிந்தது என்று கேட்டதற்கு ஒரு கணக்கைச் சொன்னார். மூன்று இலக்கங்களையும் கூட்டினால் 17. எட்டை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். 17இல் எட்டு போக 9. அதை இரண்டாகப் பிரித்தால் 5, 4. இதை மனதுக்குள் விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பி ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். அந்த எண்ணும் போயிற்று, அப்படி ஓர் எண் தரப்பட்டது என்பதும் போயிற்று.

நம் கைபேசிக்குள் வந்துவிட்ட செயற்கை நுண்ணறிவைப் புரிந்துகொள்ள இந்த மனிதரின் வாழ்க்கையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ‘பேசப் பேச அது நம்மிடமிருந்து கற்றுக்கொள்கிறது’ என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரி ஒன்றின் அறிவு முழுவதும் எண்களாக இருக்கிறது. 2020இல் வந்த ஜிபிடி-3 என்ற மாதிரியில் அப்படி 17,500 கோடி எண்கள். பயிற்சியின்போது ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வைக்கிறார்கள். ஊகம் பிசகும்போதெல்லாம் அந்த எண்கள் மிகச் சிறிய அளவில் திருத்தப்படுகின்றன. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இது நடக்கிறது. பிறகு நிறுத்திவிடுகிறார்கள். நம்மிடம் வந்து சேரும்போது அந்த எண்கள் உறைந்துபோனவை. நாம் கேட்கும் கேள்வியும் நாம் சொல்லும் திருத்தமும் அவற்றில் ஒன்றைக்கூட அசைப்பதில்லை.

அப்படியானால் ஐந்து நிமிடம் முன்பு நாம் சொன்னதை அது எப்படித் தொடர்ந்து பேசுகிறது? ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால், அதுவரை நடந்த உரையாடல் முழுவதும் மறுபடி கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. மொலைசன் 584ஐப் பிடித்துவைத்திருந்த விதமும் இதுதான். உரையாடலை மூடிப் புதிதாகத் தொடங்கினால் எல்லாம் போய்விடும். 2024இலிருந்து சாட்ஜிபிடியில் ‘நினைவு’ என்றொரு வசதி இருக்கிறது. நம் பெயர், வேலை, விருப்பங்கள் பற்றிய குறிப்புகளை எழுதிவைத்துக்கொண்டு அடுத்த உரையாடலில் சேர்த்துவிடும் ஏற்பாடு அது. எழுதிவைத்த குறிப்பு பயனுள்ளதுதான். ஆனால் எழுதியதால் எழுதியவர் மாறவில்லை. நம் உரையாடல்களைச் சேகரித்து அடுத்த பதிப்புக்குப் பயிற்சி தர நிறுவனங்கள் பயன்படுத்துவதும் உண்டு. அப்போதும் கற்கப்போவது இனி வரவிருக்கும் ஒன்றுதான். நம்மோடு பேசிய அது கற்று முடித்துவிட்டது.

இன்னொரு படி மேலே போக வேண்டும். மொலைசனிடம் மில்னர் வேறொரு சோதனையும் செய்தார். தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நட்சத்திரங்கள். அவற்றின் கோடுகளுக்கு நடுவே பென்சிலை நகர்த்த வேண்டும். கையை நேராகப் பார்க்கக் கூடாது, எதிரே உள்ள கண்ணாடியில் பார்த்துத்தான் வரைய வேண்டும். யாருக்கும் முதலில் கை தடுமாறும். மூன்று நாள் பயிற்சியில் மொலைசனின் தவறுகள் குறைந்துகொண்டே வந்தன. மூன்றாம் நாள் வெகு இலகுவாக வரைந்தார். இதற்கு முன் அதைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. நினைவு ஒரே ஒரு சரக்கு அல்ல என்று உலகம் தெளிவாக உணர்ந்தது அந்தச் சோதனையில்தான். ஹிப்போகாம்பஸை இழந்த மனிதர்கூட ஒரு செயலைச் செய்வதாலேயே மாறினார். மொழி மாதிரி ஒரே கணக்கை ஆயிரம் முறை போட்டாலும், ஆயிரத்தோராவது முறை முதல் முறை இருந்த அதே இடத்தில்தான் இருக்கும்.

எண்களை ஏன் உறைய வைக்கிறார்கள்? போகிற போக்கில் கற்க விட்டால் என்ன? விட்டுப் பார்த்தார்கள். 1989இல் மைக்கேல் மெக்ளாஸ்கி, நீல் கோஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மொழி மாதிரிகளைப்போலவே எண்களால் ஆன ஒரு சிறிய செயற்கை நரம்பு வலைப்பின்னலுக்குக் கூட்டல் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் ஒன்றைக் கூட்டும் கணக்குகள்: 1+1, 2+1 என்று 9+1 வரை. நன்றாகக் கற்றது. அடுத்து இரண்டைக் கூட்டும் கணக்குகள். அதையும் கற்றது. திரும்பிப் பார்த்தால் ஒன்றாம் கூட்டல் அழிந்துபோயிருந்தது. புதிய பாடத்துக்காகத் திருத்தப்பட்ட எண்களில்தான் பழைய பாடமும் இருந்தது. இதற்குப் ‘பேரழிவு மறதி’ என்று பெயர் வந்தது. இரண்டாம் வாய்ப்பாடு படித்த குழந்தை ஒன்றாம் வாய்ப்பாட்டை இழந்துவிட்டதாக எந்த வாத்தியாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தச் சிக்கலுக்குப் பல மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.

மூளை இதை எப்படித் தீர்த்தது என்பது, நான் படித்த அறிவியலிலேயே அழகான பகுதிகளுள் ஒன்று. 1995இல் ஜேம்ஸ் மெக்லெலண்ட், புரூஸ் மெக்நாட்டன், ராண்டல் ஓ'ரைலி மூவரும் சேர்ந்து ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். மூளையில் இரண்டு வேகத்தில் கற்றல் நடக்கிறது. ஹிப்போகாம்பஸ் இன்று நடந்ததை ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறது. பெருமூளைப் புறணி அவசரப்படுவதில்லை; ஹிப்போகாம்பஸ் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டுவதை, ஏற்கெனவே உள்ளதோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் புதியது வந்தாலும் பழையது குலைவதில்லை. மொலைசனுக்குப் பழைய நினைவுகள் மிஞ்சியதும் புதியவை சேராமல் போனதும் இதனால்தான் என்று அவர்கள் வாதிட்டார்கள்.

எடுத்துக் காட்டுவது எப்போது நடக்கிறது? பெரும்பாலும் தூக்கத்தில். அந்த விளக்கத்துக்கு முந்தைய ஆண்டுதான் மேத்யூ வில்சனும் மெக்நாட்டனும் எலிகளிடம் இதைக் கண்டிருந்தார்கள். ஓடும்போது எந்த நியூரான்கள் சேர்ந்து இயங்கினவோ, ஓடி முடித்துத் தூங்கும்போதும் அவை சேர்ந்தே இயங்கின. பகலில் போன வழியை எலி தூக்கத்தில் மறுபடி போய்ப் பார்த்தது என்று சொல்லலாம். பொதுத்தேர்வுக்கு முந்தைய இரவு பிள்ளையை விடிய விடிய உட்கார வைக்கும் பெற்றோர் இந்த ஓர் ஆய்வை மட்டுமாவது தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இரவில் அவர்கள் பறிப்பது ஓய்வை மட்டும் அல்ல, அன்று படித்தது பதியும் வேளையை.

பொறியாளர்களும் இந்த யோசனையை எடுத்துக்கொண்டார்கள். டீப்மைண்ட் நிறுவனம் 2015இல் அடாரி வீடியோ விளையாட்டுகள் 49ஐக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தபோது, விளையாடிய தருணங்களைச் சேமித்து, கலைத்துப்போட்டு, மறுபடி மறுபடி காட்டும் முறையைக் கையாண்டது. வெற்றி பெரியது. ஆனால், ஒவ்வொரு விளையாட்டுக்கும் வலைப்பின்னலைப் புதிதாகப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது.

கற்பதற்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. ஜிபிடி-3 சுமார் 30,000 கோடி சொல்துண்டுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. 2024இல் மெட்டா வெளியிட்ட லாமா 3க்கு 15 லட்சம் கோடி. ஒரு பிள்ளை பதின்மூன்று வயதுக்குள் காதில் வாங்கும் சொற்கள் 10 கோடிக்கும் குறைவு என்று மொழியியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஜிபிடி-3ஐப் பயிற்றுவிக்கச் செலவான மின்சாரம் ஏறத்தாழ 12.87 லட்சம் யூனிட் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. மூளை 20 வாட்டில் ஓடுகிறது. ஆண்டு முழுவதுக்கும் 175 யூனிட். ஆல்பாஜீரோ என்ற கணினி நிரல் சதுரங்கம் கற்கத் தன்னோடு தானே ஆடிய ஆட்டங்கள் 4.4 கோடி. நாளுக்குப் பத்து ஆட்டம் வீதம் அறுபது ஆண்டு ஆடினாலும் ஒரு மனிதர் இரண்டேகால் லட்சத்தைத் தொட மாட்டார்.

இவ்வளவு குறைவான தீனியில் குழந்தை எப்படிக் கற்கிறது? 1978இல் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் இருவரும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். மழலையர் பள்ளியில் இரண்டு தட்டுகள். ஒன்று சிவப்பு, மற்றொன்று ஆலிவ் பச்சை. ‘அந்தக் குரோமியம் தட்டை எடுத்து வா, சிவப்பு இல்லை, குரோமியம்’ என்று ஆசிரியர் போகிற போக்கில் சொன்னார். பாடம் நடத்தவில்லை, விளக்கவில்லை. நாள்கள் பல கடந்த பின்பும் பிள்ளைகளில் பலருக்கு அது ஏதோ ஒரு நிறத்தின் பெயர் என்பதாவது தங்கியிருந்தது. உரையாடலுக்குள் ஒரு புதிய சொல்லை விளக்கினால் மொழி மாதிரியும் அதைச் சரியாகப் பயன்படுத்தும். அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மொலைசனின் 584போல, அந்த அமர்வு முடிந்தால் முடிந்தது.

நம் வீடுகளில் நடப்பதையும் கவனியுங்கள். மூன்று வயதுக் குழந்தை ‘தாத்தா வந்தான்’ என்கிறது. ‘வந்தாருன்னு சொல்லணும் கண்ணு’ என்று பாட்டி ஒருமுறை திருத்துகிறார். குழந்தை முகத்தைப் பார்க்கிறது. அதில் கோபமில்லை, ஆனால் ஏதோ பிசகிவிட்டது என்று தெரிகிறது. அதே வீட்டில் ‘அக்கா வந்துச்சு’ என்றால் யாரும் திருத்துவதில்லை, அதில் பிரியம் இருக்கிறது. தம்பி வந்தான், மாமா வந்தாரு, அத்தை வந்தாங்க. யாருக்கு எது என்பது ஊருக்கு ஊர் மாறும், தெருவுக்குத் தெரு மாறும். இதற்கு இலக்கண நூலும் இல்லை, கோடிக்கணக்கான எடுத்துக்காட்டுகளும் இல்லை. அந்த வீட்டில் தனக்கென்று ஓர் இடம் இருப்பதாலும், அந்த இடம் குலையக் கூடாது என்ற கவலை இருப்பதாலும் குழந்தை கற்கிறது. இயந்திரத்துக்குத் தவறு என்பது திருத்த வேண்டிய ஓர் எண். குழந்தைக்கு அது பாட்டியின் முகம்.

‘இயந்திரம் இல்லாததை இருப்பதாகச் சொல்கிறது, மனிதனும் அப்படித்தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் கார் விபத்துக் காட்சி ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினார்கள். கார்கள் ‘இடித்தபோது’ என்ன வேகத்தில் வந்தன என்று ஒரு பிரிவினரிடமும், ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்று இன்னொரு பிரிவினரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டார்கள். காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை. ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ‘இடித்தபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். நம் நினைவு ஒளிப்பதிவு அல்ல. எடுக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி கட்டப்படுவது.

ஆனாலும், அந்த மாணவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். எங்கே உட்கார்ந்திருந்தாய், எதை முதலில் பார்த்தாய், யார் உன்னிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தால், எங்கே பிசகியது என்று ஓரளவு கண்டுபிடிக்க முடியும். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்குப் பொருள் இருப்பது அதனால்தான். எண்டல் துல்விங் 1972இல் நினைவை இரண்டாகப் பிரித்தார்: உலகத்தைப் பற்றித் தெரிந்திருப்பது ஒன்று, நமக்கு நடந்ததாக நினைவிருப்பது இன்னொன்று. மொழி மாதிரியிடம் இருப்பதை முதல் வகையோடு வேண்டுமானால் ஒப்பிடலாம். இரண்டாவது அதனிடம் இல்லை. அது எந்த அறையிலும் இருந்ததில்லை. எந்தப் பக்கத்தில் படித்தோம் என்றும் தன் எண்களைப் பார்த்து அதனால் சொல்ல முடியாது. தவறான மேற்கோளை உறுதியான குரலில் அது சொல்லும்போது பொய் சொல்வதாகக் கோபப்படுவதில் பயனில்லை. சாட்சியாக இல்லாத ஒன்றிடம் சாட்சி கேட்டது நாம்.

இதெல்லாம் ஆய்வகத்து விஷயம் என்று விட்டுவிட முடியாது. 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவைப் பாடமாக்கப் போவதாக மத்தியக் கல்வி அமைச்சகம் 2025இல் அறிவித்தது. எட்டு வயதுப் பிள்ளைகள். எழுத்தும் எண்ணும் மூளையில் இடம் பிடிக்கும் வயது.

அந்த வயதில் பிள்ளையின் வேலையை இயந்திரம் செய்துவிடக் கூடாது. மனிதர் செய்வதால்தான் கற்கிறார் என்பதற்குச் சான்று வேண்டுமா? 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் செய்த சோதனையில், ஒரு பிரிவு மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நான்கு முறை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது அவர்களுக்கு நினைவிருந்தது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நினைவிலிருந்து வெளியே இழுக்கும் சிரமமே நினைவை ஆழப்படுத்துகிறது. அந்தச் சிரமத்தை நீக்கித் தருவதுதான் மொழி மாதிரிகளின் விற்பனைப் பெருமை.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் நடத்தி, 2025இல் வெளியான ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. ஜிபிடி-4ஐ அப்படியே வைத்துக்கொண்டு பயிற்சிக் கணக்குப் போட்டவர்கள், அது இல்லாதவர்களைவிட 48 விழுக்காடு கூடுதலாகச் சரியாகப் போட்டார்கள். கருவியை வாங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். மூன்றாவதாக ஒரு பிரிவும் இருந்தது. அவர்களுக்குத் தரப்பட்ட கருவி விடையைச் சொல்லாது. ஆசிரியர்கள் வகுத்துக்கொடுத்தபடி குறிப்பு மட்டும் தரும். பயிற்சியில் அவர்கள் எல்லோரையும்விட முன்னால் போனார்கள். தேர்விலும் அந்தப் பின்னடைவு பெரும்பாலும் இல்லை. ஒரே இயந்திரம்தான். யார் வேலையை யார் செய்தார் என்பதில்தான் வேறுபாடு.

‘எல்லாம் கைபேசியில் இருக்கும்போது எதற்கு மனப்பாடம்’ என்ற பேச்சு நம்மிடையே வலுத்திருக்கிறது. வினா வங்கியை உருப்போட வைக்கும் பள்ளிகளைப் பார்த்துச் சலித்தவர்களின் கோபம் அதில் இருக்கிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால், நம் திண்ணைப் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லி, சட்டாம்பிள்ளை முன் ஒப்பித்து, எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் போன்ற கணக்குப் பாடங்கள் பிள்ளைகளின் நெஞ்சில் ஏறின. நாழியும் குறுணியும் கலமும் களத்து மேட்டில் நெல் அளக்கும்போது தேவைப்பட்டன. அந்த நினைவுப் பயிற்சி வெறும் உருப்போடல் அல்ல, கணக்கு அறிவை உருவாக்கும் முறையாகவே இருந்தது என்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர் செந்தில் பாபு விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளிகளில் பிரம்பும் இருந்தது, சாதியும் இருந்தது. அவற்றுக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. பயன்படுத்தப்போவதை நெஞ்சில் ஏற்றிக்கொள்வது என்ற ஒன்றை மட்டும் ஏன் அவற்றோடு சேர்த்து வீச வேண்டும்?

நெஞ்சில் இல்லாததை வைத்து யோசிக்க முடியாது. 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் சதுரங்கப் பலகையை ஐந்து நொடி காட்டி மறைத்தார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலை என்றால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கினார். புதியவர் நாலைந்து காய்களோடு நின்றார். காய்களைக் கண்டபடி கலைத்துவைத்துக் காட்டியபோது இருவரும் ஏறக்குறைய ஒன்றுதான். தேர்ந்தவர் பார்த்தது தனித்தனிக் காய்களை அல்ல. ஆண்டுக்கணக்கில் ஆடித் தனக்குள் சேர்த்துவைத்திருந்த அமைப்புகளை.

சென்னையின் குகேஷ் 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் சதுரங்க உலக சாம்பியன் ஆனார். சதுரங்கம் ஆடும் கணினி எஞ்சின்கள் எந்த மனிதரையும் வெல்லும் காலத்தில் வளர்ந்தவர். தொடக்கப் பயிற்சி ஆண்டுகளில் அவரை எஞ்சின்கள் பக்கம் அண்டவிடாமல் வளர்த்ததாக அவருடைய அன்றைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிறுவன் பலகையின் முன் உட்கார்ந்து தானே கணக்கிட வேண்டும், தானே தவற வேண்டும், ஏன் தவறியது என்று தானே தேட வேண்டும். எஞ்சின் பிறகு வந்தது. ஒரு மேதையை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் விதி எழுத முடியாது என்பது சரிதான். ஆனால், துருக்கிப் பிள்ளைகளின் தேர்வுத் தாள் சொன்னதும் இந்தப் பயிற்சியாளர் செய்ததும் ஒரே திசையில் நிற்கின்றன.

ஆகவே, மூன்றாம் வகுப்புப் பாடத்திட்டத்தை எழுதும் குழுவிடம் கேட்க வேண்டியது, எது முதலில், எது பிறகு என்ற வரிசையைப் பற்றி. வகுப்பறையில், கையால், பார்க்காமல் எழுதிப் பார்த்த பிறகுதான் இயந்திரத்திடம் போவது என்பதை எல்லா வகுப்புகளுக்கும் நடைமுறையாக்க வேண்டும். பள்ளிக்குள் வரும் கருவி, விடையை நீட்டாமல் குறிப்பு தருவதாக இருக்க வேண்டும். அந்தக் குறிப்புகளை அந்தந்த வகுப்பு ஆசிரியர்கள் வகுக்க வேண்டும். அதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும். பதிவேடு நிரப்புவதிலும் இணையதளத்தில் விவரம் ஏற்றுவதிலும் அவர் நாளில் கணிசமான பங்கு போகிறது. செயற்கை நுண்ணறிவை முதலில் அந்த வேலைகளுக்கு அனுப்பிவிட்டு, ஆசிரியரைப் பிள்ளைகளிடம் திருப்பி அனுப்புங்கள்.